சுருட்டு அறையில் குடித்தனம்

சுருட்டுக்கடைக்காரர் அந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். ஒரு சுருட்டைக் காதருகே வைத்து மெல்ல அழுத்தியே அது காய்ந்திருக்கிறதா, பதமாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கடையில் அவர் வைத்ததுதான் சட்டம். மாடிப்படி ஏறி வீட்டுக்குள் போய்விட்டால் வாயிருந்தும் ஊமை.

கடையின் பின்புறம் சுருட்டு அறை. சுற்றிலும் தேவதாரு அலமாரிகள், ஓயாமல் ஓடும் ஏ.சி., சுவரில் ஈரப்பதம் காட்டும் முள். வீட்டில் அந்த வசதி கிடையாது. அந்தக் கோடையில் மாடிச் சுவரைத் தொட்டாலே கை சுட்டது. முதலில் மனைவி, "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேங்க" என்று தையல் துணியோடு வந்தாள். அடுத்து மகள் பரீட்சைக்குப் படிக்க வந்தாள். கடைசியில், நாலு நாள் தங்க வந்து நாலு மாதமாகத் தங்கிவிட்ட மனைவியின் அண்ணன், சாய்வு நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், பழைய வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற நீதிபதி அறைக்குள் வந்து ஒரு சுருட்டை எடுத்து மோந்து பார்த்தார். புருவம் ஏறியது.

"என்னய்யா இது, மூட்டுவலித் தைலம் மணக்குது?"

முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்தார். "நல்ல தைலம்ங்க. உங்களுக்கும் கொஞ்சம் தரட்டுமா?"

நீதிபதி வெறுங்கையோடு போனார். சுருட்டு எந்த வாசனையையும் பஞ்சு மாதிரி இழுத்துக்கொள்ளும். அந்தத் தட்டு முழுவதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. வீட்டாரை நேராக வெளியே போகச் சொல்லக் கடைக்காரருக்குத் துணிச்சல் இல்லை. அதனால் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"அறையில வண்டு விழுந்திருக்கு. ஒண்ணு இருந்தா ஒரு படையே இருக்கும்."

மனைவி தையலை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். மகள் அவளுக்கு முன்பே ஏறியிருந்தாள். மச்சான் மட்டும் அசையவில்லை.

"நான் இருக்கறப்ப வண்டு என்ன பண்ணிடும் மாப்ள? டார்ச்சக் குடுங்க."

"வேணாம் மச்சான், உங்களுக்கு முழங்கால் வலி..."

"வலியப் பாத்தா ஆகுமா?"

இல்லாத வண்டைத் தேடிக் களைத்துத் தானாக வெளியே வருவார் என்று கடைக்காரர் கல்லாவில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் மச்சான் வெளியே வந்தார். உள்ளங்கையில் பழுப்பாக, கடுகளவு ஒன்று. அது நகர்ந்தது.

கடைக்காரர் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டார். உள்ளே ஓடினார். புதிதாக வந்த ஒரு பெட்டியில் சுருட்டெல்லாம் ஊசியால் குத்தினதுபோல் துளை துளையாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அறை முழுக்கப் பொடிதான் மிஞ்சியிருக்கும். அந்தப் பெட்டியை எரித்தார். பக்கத்துப் பெட்டிகளை, முட்டை இருந்தாலும் குளிரில் சாகட்டும் என்று ஃபிரீசரில் வைத்தார். மிச்சம் பிழைத்தது.

"உங்களுக்கு எப்படிப்பா முன்னாடியே தெரிஞ்சது?" என்று மகள் கேட்டாள்.

"அனுபவம்" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி மச்சானை எந்த வாயால் வெளியே போகச் சொல்வது? தைலம் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு மச்சான் அறைக்கு நிரந்தரக் காவல் ஆனார். சாய்வு நாற்காலிக்குத் துணையாக ஒரு ஸ்வெட்டரும் வந்து சேர்ந்தது. நீதிபதிகூட இப்போது கடைக்காரரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, "வண்டு டாக்டர் உள்ள இருக்காரா?" என்றுதான் கேட்கிறார்.

ஒரு மத்தியானம் மாடியில் மனைவி விசிறியபடி சொன்னாள்: "வண்டுதான் போயிடுச்சேன்னு நானும் கீழ போய் உக்காரப் பாத்தேங்க. அண்ணன் விடல."

"ஏனாம்?"

"ஆள் சேந்தா ஈரப்பதம் கெட்டுடுமாம்."

கடைக்காரருக்கு மச்சான்மேல் முதல்முறையாக லேசாக மரியாதை வந்தது.