ஏற்றத்தில் வலி

என் வீட்டுக்காரர் தாணுமாலையனுக்குத் திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஆணி, கீல், பூட்டு வியாபாரம். கதவைச் சொன்னால் போதும், அதற்கு எந்தப் பூட்டு என்று யோசிக்காமல் எடுத்து மேஜைமேல் வைப்பார். தன் காருக்கு எந்த மூளை வைப்பது என்பதை மட்டும் ஓணத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். சிவராத்திரியும் தாண்டிவிட்டது.

கார் பழைய டர்போ. இருபது வயதாகிறது. எஞ்சினுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்று கணக்குச் சொல்ல உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம். பாப்பனம்கோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரெஜி, வண்டி இன்னும் நன்றாக இழுக்க மூன்று வழி சொல்லியிருந்தான். அந்தக் கம்ப்யூட்டரிலேயே கணக்கை மாற்றிப் புது மேப் எழுதலாம். இல்லையென்றால் அதைத் தொடாமல், நடுவில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து அதனிடம் பொய் சொல்ல வைக்கலாம். அதுவும் வேண்டாமென்றால், பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகவே ஒன்று வைக்கலாம். சாப்பிடும்போதெல்லாம் என்னிடம் கேட்பார்.

"நாச்சியாரு, நீ என்ன சொல்லுத?"

"வித்துருங்க."

"அது நாலாவது வழி. ரெஜி சொல்லல" என்று ரசத்துக்குப் போய்விடுவார்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த புதிதில், 'வண்டிக்கு வலி இல்லை' என்று இங்கே ஆட்கள் முகத்தைத் தொங்கப்போட்டுச் சொல்வதைக் கேட்டு, வலி இல்லாவிட்டால் நல்லதுதானே, இதற்கு ஏன் இழவு வீட்டு முகம் என்று நினைப்பேன். மலையாளத்தில் வலி என்றால் இழுவை. நம்முடைய வலிக்கு இங்கே வேதனை என்று பெயர். அது புரிந்த பிறகு, அவர் வலி என்று வாயைத் திறந்தாலே நான் டிவி சத்தத்தைக் கூட்டப் பழகிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காரின் வலியைச் சோதிக்கப் பொன்முடி ஏற்றத்துக்குப் போவோம். ஒரு ஞாயிறு அடிவாரத்தில் கல்லாற்றில் நிறுத்தி, ஆற்றில் கால் நனைத்துவிட்டு ரோட்டுக்கு ஏறி வந்தோம். பாதியில் நின்றுவிட்டார். ஒரு கை மரத்தில், ஒரு கை நெஞ்சில். நல்ல காற்று அடிக்கிறது, மனிதருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"என்ன செய்யுது?"

"வாயு."

"வாயு வேர்க்குமா? உள்ளதச் சொல்லுங்க."

"ஏத்தத்துல ஏறினா வருது. நின்னா போயிரும்."

"எம்புட்டு நாளா?"

"கொஞ்ச நாளாத்தான்."

எனக்குப் பயம்தான், ஆனால் வாயில் கோபமாகத்தான் வந்தது. "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய? யாருட்டயாவது சொன்னியளா?"

"ரெஜிட்ட சொன்னேன்."

"ரெஜிட்டயா?"

"'ஏத்தத்துல நல்ல வலி இருக்கு ரெஜி'ன்னேன்."

"அதுக்கு அவன்?"

"'அடிபொளி அண்ணாச்சி! அப்போ டர்போவுக்கு ஒரு கொழப்பமும் இல்லா'ன்னான்."

நான் அவரையே பார்த்தேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறவர். ரெஜி எந்த வலியை நினைத்தான் என்று இவருக்குத் தெரியாமல் இருக்காது.

"அவன் காருன்னு நெனச்சுட்டான். திருத்திச் சொல்லலயா?"

"இல்ல."

"ஏன்?"

"கேக்கதுக்கு நல்லாருந்துது."

இந்த மனிதரை என்ன செய்வது! ஆஸ்பத்திரி என்றேன். "மொதல்ல கார் வேல முடியட்டும்" என்றார். அழுதேன், திட்டினேன், சாப்பாடு போட மாட்டேன் என்று சொல்லிப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏதாவது சொல்லிவிடுவார்களாம். சொல்லத்தானே போவது என்றால், அதற்குத்தான் போகவில்லை என்கிறார்.

மறுநாள் அவர் கடைக்குக் கிளம்பியதும் ஆட்டோ பிடித்து ரெஜியிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான்.

"அய்யோ சேச்சி! ஞான் வண்டியின்னல்லே நெனச்சது! சிரிச்சேன் வேற!"

"சிரிச்சது போகட்டும். நீ சொன்னா கேப்பாரு. நீ எஞ்சினச் சோதிக்காம மேப் ஏத்துவியா?"

"ஏத்த மாட்டேன் சேச்சி. உள்ள என்ன நிலமன்னு பாக்காம பிரஷர் கூட்டினா எஞ்சின் போயிடும்."

"அப்ப ஓட்டுறவருக்கும் அதே சட்டம் போடு."

ரெஜி என் எதிரிலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "அண்ணாச்சி, புது மேப் வந்தா வண்டிக்கு வலி கூடும். ஓட்டுற ஆளோட ஹார்ட் ரிப்போர்ட் வேணும். ரூலாணு."

"என்னைக்கு வந்த ரூலு?"

"இன்னைக்கு."

அந்தப் பக்கம் யாரோ கால் கிலோ ஆணி கேட்பது கேட்டது. பிறகு இவர் குரல். "நாச்சியாரு அங்க இருக்காளா?"

ரெஜிக்குப் பொய் வராது. விழித்தான். "இருக்கேன்" என்றேன்.

"சரி. எந்த ஆஸ்பத்திரி?"

எனக்காகப் போகாதவர் காருக்காகப் போனார். அதற்கு ஒரு அழுகை பாக்கி இருந்தது. அப்போது நேரமில்லை, தள்ளி வைத்தேன்.

டாக்டர் ஆர்ஷா என்று ஒரு பெண். டிரெட்மில்லில் நடக்க வைத்தார், சீக்கிரமே போதும் என்று இறக்கிவிட்டார். ஆஞ்சியோவில் பெரிய குழாய் ஒன்றில் அடைப்பு. மாத்திரையோடு இருக்கலாம், ஸ்டென்ட் வைக்கலாம், பைபாஸ் செய்யலாம் என்று மூன்று வழியையும் சொல்லிவிட்டு, இந்த அடைப்புக்கு ஸ்டென்ட்தான் நல்லது என்றார். மூன்று என்றதும் எனக்குத் திக்கென்றது. காருக்கே ஓணத்திலிருந்து யோசிக்கிற மனிதர்.

இவர் கேட்டார். "ஸ்டென்ட் வச்சா ஒரிஜினலக் கழத்த மாட்டீங்கள்ல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "கார் வச்சிருக்காரு" என்றேன்.

"கழத்த மாட்டேன்" என்றார் டாக்டர். "பழைய குழாய்தான். வழிய மட்டும் திறந்து விடுவேன்."

"அப்ப அதையே செஞ்சிருங்க."

இவர் அதைச் சொல்லி முடிக்கும்வரை என் மணிக்கட்டை விடவே இல்லை. வளையல் பதிந்து சிவந்து போயிருந்தது. அன்றே, ஸ்ட்ரெச்சரில் போகும்போது, காரையும் முடிவு செய்துவிட்டார். "ரெஜிட்ட சொல்லிரு. பழைய கம்ப்யூட்டரே இருக்கட்டும். அதுல மேப் மட்டும் எழுதட்டும். ரொம்ப ஏத்த வேண்டாம்."

மழையெல்லாம் விட்ட பிறகு, ரெஜியும் மேப் எழுதி முடித்து, டாக்டரும் சம்மதித்து, மறுபடி பொன்முடிக்குக் கிளம்பினோம். கல்லாற்றில் இறங்கி ஆற்றுக்குப் போய்விட்டு, அதே ஏற்றத்தில் ஏறி வந்தோம். அவர் முன்னால் போனார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு பின்னால் ஏறினேன். வாய் திறந்து கேட்கத் தைரியம் இல்லை. காரில் ஏறி, முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டி அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோதுதான் கேட்டேன்.

"வலி இருக்கா?"

"வண்டிக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான் கேக்கேன்."

அவர் கியரை மாற்றினார். அடுத்த வளைவும் வந்தது. காது கொடுத்துக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"வண்டிக்கு இருக்கு" என்றார்.

தள்ளி வைத்திருந்த அழுகை அங்கேதான் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.