மூலைக்கு மட்டும் சுண்ணாம்பு

என் மகள் பொய் சொல்லவில்லை. "உங்க அப்பா என்ன பண்றாரு?" என்று அவள் கட்டிக்கொள்ளப்போகிற பையன் கேட்டிருக்கிறான். "பெயிண்டர்" என்றிருக்கிறாள். இருபத்தெட்டு வருஷமாக வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவனை வேறெப்படிச் சொல்வது? பையன் வழியாக அந்தச் சொல் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் ஓவியனாகிவிட்டேன். ஒரு படம்கூட வரையாமல் இப்படிப் பதவி உயர்வு வாங்கியவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பையனின் அப்பாவை அவர்கள் தெருவில் எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்களாம். வாத்தியார் வீட்டுச் சம்பந்தம் என்று என் மனைவிக்குப் பெருமை பாதி, பயம் பாதி. அந்த மாஸ்டரே போன் செய்தார்.

"நிச்சயத்துக்கு நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் மியூசியம் போயிட்டு வரலாங்க. இந்த ஊர்லயே இருக்கோம்னு பேரு, உள்ள போனதே இல்ல. கூட ஒரு ஓவியர் வந்தா படமெல்லாம் புரியும்."

"ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் என்னைக் கேட்காமலே வேலை ஒப்புக்கொள்ளும்.

மகள் அன்று சாப்பிடவில்லை. "நானே பக்குவமா சொல்லிக்கலாம்னு இருந்தேன்ப்பா. இப்பத் தெரிஞ்சா, ஏமாத்திச் சம்பந்தம் பேசினோம்னு ஆயிடும்." மனைவி சுருக்கமாக முடித்தாள்: "அங்க போயி 'ம்' மட்டும் கொட்டுங்க. வாயத் திறந்தீங்க, கல்யாணம் நின்னுரும்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். ஒரு காலத்து அரண்மனை. முதல் கூடத்தில் அண்ணாந்து பார்த்தேன். 'ம்' கூட வரவில்லை.

கல்யாண மண்டபம் அகலத்துக்குச் சீலிங். அது முழுக்க மேகம். மேகத்துக்குள் குதிரைகள், மனிதர்கள். பத்துக்குப் பத்து அறைக்குச் சீலிங் அடித்தாலே என் கழுத்து ஒரு வாரம் என்னோடு பேசாது. இங்கே எவனோ சாரம் கட்டி, மல்லாந்து படுத்து, சொட்டுகிறதையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் வேலை பார்த்திருக்கிறான். வெள்ளை எங்கே முடிந்தது, நீலம் எங்கே தொடங்கியது என்று தேடித் தேடிப் பார்த்தேன். எனக்கு இரண்டு சுவர் சேருகிற இடத்திலேயே கோடு பிசகும்.

"எப்படிங்க இருக்கு?" என்றார் சம்பந்தி.

"ம்."

அவர் மரியாதையாகத் தலையாட்டினார். நகக்கண்ணில் இருந்த பெயிண்ட் தெரியாமலிருக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அது பெரிய ஞானி போல ஒரு தோரணையைக் கொடுத்துவிட்டது. ஐந்து அறைகளை ஒரே எழுத்தை வைத்துக் கடந்தேன். நடுநடுவே அவர் என் சட்டைக் காலரையே பார்ப்பது போலிருந்தது. தராதரம் அளக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது அறையில், கதவோரமாக, முழங்கை நீளத்துக்கு ஒரு படம். ஒரு பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறாள். பின்னால் வெறும் சுவர். யாரும் அதன் முன்னால் நிற்கவில்லை.

நான் நின்றுவிட்டேன். அது என் சுவர். இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொருக்குத் தட்டி, பழுப்பாகப் பூத்திருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக நான் எதைச் சுரண்டிச் சுரண்டி மறைக்கிறேனோ, அதை ஒருவன் உட்கார்ந்து ஆசை ஆசையாக வரைந்திருக்கிறான். கையை நீட்டினால் ஈரம் ஒட்டும் போலிருந்தது.

"இந்த மூலைக்கு மட்டும் புதுசா சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க" என்றது யாருடைய வாய் என்று பார்த்தேன். என்னுடையதுதான். "மூணு கோட்டிங். இன்னும் காயல. மிச்சச் சுவத்தை விட்டுட்டாங்க. ஓதத்துக்கு மேல அடிச்சா நிக்காதுன்னு அடிச்சவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் அடிச்சிருக்கான். ஏன்னுதான் தெரியல."

சம்பந்தி என்னைப் பார்க்கவில்லை. படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கினார்.

"உடுப்பப் பாருங்க" என்றார் மெதுவாக. "ரெண்டு பக்கமும் தையலப் பிரிச்சு விட்டிருக்கு. பழைய ஊசித் துளை வரிசையா தெரியுது பாருங்க. துணி அங்க மட்டும் வெளுக்காம இருக்கு. மறுபடியும் பிரிக்கணும், இன்னும் ஒரு மாசம் கூடத் தாங்காது." அவள் வயிற்றை விரலால் காட்டினார். "பிள்ளைத்தாச்சிங்க."

இருவரும் ஒரே நேரத்தில் அந்த மூலையைப் பார்த்தோம். காய்ந்தும் காயாத வெள்ளை. தொட்டில் போடுகிற அகலம்.

எப்போதோ செத்துப்போன ஓவியன் ஒருவன் படத்தில் சொல்லி வைத்ததில் பாதி என் கையிலும் பாதி அவர் கையிலும் இருந்திருக்கிறது. பிறகுதான் உறைத்தது: ஊசித் துளையா? பள்ளிக்கூட வாத்தியாருக்கு அது எப்படித் தெரியும்?

ஆனாலும் முதலில் நான்தான் உண்மையை அவிழ்த்தேன். "சம்பந்தி, நான் படம் வரையிறவன் இல்லீங்க. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். பொண்ணு மேல தப்பில்ல. அவ சரியாத்தான் சொன்னா." பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்து காட்டினேன்.

அவர் நகங்களைப் பார்த்தார். பிறகு தன் வலது கையை நீட்டினார். கத்தரிக்கோல் பிடித்துக் கட்டை விரலில் காய்ப்பு, கொட்டைப்பாக்கு அளவுக்கு.

"தையல் கடைல துணி வெட்டுற கட்டிங் மாஸ்டருங்க. வாத்தியார்னு நெனச்சு உங்க வீட்ல அவ்வளவு மரியாதை குடுத்தீங்க, இல்லேன்னு சொல்ல மனசு வரல. காலைலேர்ந்து எங்க வாயத் தொறந்துருவேனோன்னு பயந்துட்டே வரேன்."

"எனக்கும் அதே பயந்தாங்க. அதான் 'ம்' கொட்டினேன்."

"அதுவும் என்ன 'ம்'. மேதைன்னு நெனச்சேன்." பிறகு தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க, உங்க காலர் ஒரு பக்கம் நூலளவு மேல ஏறியிருக்கு. வந்ததுலேர்ந்து கை நமநமங்குது" என்றார்.

அங்கேயே மகனுக்குப் போன் போட்டார்.

"டேய், பொண்ணோட அப்பா பெயிண்டர்தான்டா... ஆமா, சுவத்துக்கு அடிக்கிறவரு... எனக்கும் இப்பத்தான் தெரியும். குறுக்க பேசாத. நிச்சயத்துக்கு நாள் பாக்கச் சொல்லு அம்மாவ. அப்புறம், நீங்க ரெண்டு பேரும் வீடு பாக்கப் போறப்ப இவரக் கூட்டிட்டுப் போங்க. எந்த மூலைல ஓதம் இருக்குன்னு பாத்த உடனே சொல்லிடுவாரு."

போனை வைத்துவிட்டு மறுபடியும் படத்தின் பக்கம் திரும்பினார். "பொண்ணா பொறந்திருக்குமா, பையனா?"

"ம்" என்றேன். இந்த முறை நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.