தொட்டுப் பார்க்காத கட்டி

ஆரணியில் பட்டு நெய்யும் கமலக்கண்ணனின் மனைவி ஜெயத்துக்கு, 2000ஆம் ஆண்டு மார்கழியில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. தன் மகளுக்குப் பிரசவம் பார்த்த அதே நர்ஸிங் ஹோமுக்குத்தான் போனாள். டாக்டரம்மா கொழுப்புக் கட்டி என்று சொல்லி மாத்திரை எழுதினார். கட்டி கரையவில்லை. மாசியில் போனாள், சித்திரையில் போனாள். அதே பதில், அதே மாத்திரை. ஆடியில் அக்குளிலும் நெறி கட்டியபோது கமலக்கண்ணன் அவளை வேலூருக்கு அழைத்துப்போனான். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்றார்கள்.

மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்ற ஏற்ற முடி கொட்டியது. கட்டி சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் அக்குள்வரை பரவியிருக்காது என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். ஜெயத்தின் மனதில் அந்தப் பேச்சு மட்டும் தங்கிவிட்டது. சின்னதாக இருந்தபோதே போனவள்தானே அவள்? தான் சரியாகச் சொல்லவில்லையோ, இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டுமோ என்று தன்னையே குடைந்துகொண்டாள். தறிக்கு ஊடை நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கை தானாக வலது மார்புக்குப் போய்த் தடவிப் பார்க்கும்.

மகள் தேவிப்ரியாதான் அவளை வக்கீல் அற்புதராஜிடம் கூட்டிப்போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பணம் கட்டி வைத்தியம் பார்த்ததால் திருவண்ணாமலை நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போடலாம் என்றார். மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், ஆனால் அங்கே டாக்டர்மேல் நடவடிக்கைதான் எடுப்பார்கள், நஷ்டஈடு கிடைக்காது. நோய் தாமதமாகத் தெரிந்தது என்பது மட்டும் போதாது, சாதாரணக் கவனம் உள்ள டாக்டர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யவில்லை என்று காட்ட வேண்டும் என்றும் விளக்கினார்.

“வியாதி தெரிஞ்சதுலேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்மா. வர்ற ஆடியோட முடிஞ்சிடும். யோசிச்சிகினே இருந்தீங்கன்னா கதவ சாத்திடுவாங்க.”

அப்போது 2003 பங்குனி. அத்தனை ஆண்கள் எதிரில் நின்று தன் மார்பைப் பற்றிப் பேச வேண்டும் என்பதே ஜெயத்துக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கமலக்கண்ணன் இன்னொரு பயத்தைச் சொன்னான்.

“நம்ப பொண்ணு மறுபடி மாசமா இருக்கறா. நீ கேஸ் போட்டேன்னா இந்த ஊர்ல எந்த டாக்டரு அவள தொடுவாங்க?”

சித்திரை போனது, வைகாசி போனது. வக்கீல் ஆள் அனுப்பியும் ஜெயம் போகவில்லை. ஆனி பிறந்த பிறகு ஒருநாள், ஜெயம் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது தேவிப்ரியா மெல்லச் சொன்னாள்.

“நாளைக்கி எனுக்கு ஒரு கட்டி வந்தா நானும் அங்கதானம்மா போய் நிப்பேன்?”

ஜெயத்தின் கை நின்றுவிட்டது. மறுநாளே வக்கீலிடம் போனாள். வேலூர் டாக்டர் முதலில் தயங்கினார். பிறகு, தான் பார்த்தபோது கட்டி எந்த அளவில் இருந்தது, முன்பே என்ன பரிசோதனை செய்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். கெடு முடிவதற்குள் வழக்குப் பதிவானது. தேவிப்ரியாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவமாகிப் பெண் பிறந்த பிறகுதான் ஜெயத்துக்குச் சோறு இறங்கியது.

அடுத்த ஆண்டு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் ஜெயத்தை நேரில் கேட்க வேண்டுமென்று கூப்பிட்டிருந்தார். டாக்டரம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கட்டி கரையாவிட்டால் வரும்படி டாக்டரம்மா சொல்லியும் ஜெயம்தான் அசட்டையாக இருந்துவிட்டாள் என்றார் அந்த வக்கீல். அவள் இத்தனை நாள் பயந்தது இந்த வார்த்தைக்குத்தான்.

“போனேங்க. மறுபடி மறுபடி போனேன். ஒருவாட்டி கூட தொட்டுப் பாக்கலீங்க. சீட்டுல எழுதிகினே மாத்திரைய சொன்னாங்க.”

மன்றத்தின் பெண் உறுப்பினர் டாக்டரம்மா பக்கம் திரும்பி, கையால் பரிசோதித்தீர்களா என்று கேட்டார்.

“அன்னிக்கெல்லாம் கூட்டம் அதிகங்க” என்றார் டாக்டரம்மா.

மன்றம் ஜெயத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நர்ஸிங் ஹோம் மேல்முறையீடு செய்யாமல் நஷ்டஈட்டைக் கட்டியது. தீர்ப்பைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது, போளூர் தாண்டியதும் பஸ்ஸில் கமலக்கண்ணன் முதல்முறையாக அழுதான். ஜெயம், அறுவைக்குப் பிறகு வீங்கியே இருக்கும் இடது கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தாள். தப்பு தன்னுடையதில்லை என்று இப்போது தெரியும். ஆனால் அடுத்த வாரம் வேலூரில் மறுபரிசோதனை. கூட வரச்சொல்லிக் கணவனிடம் கேட்டாள். வருவதாக அவன் தலையசைத்தான்.