மஞ்சள் ஏப்ரனைத் தேடிய புறா

இங்கிலாந்தில் டரம் பக்கத்தில் எங்கள் நிலக்கரிச் சுரங்க ஊர் ஆண்கள், மனம் உடைந்ததை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கண்ணுகளா. கால்பந்தில் தோற்றாலும், கண்காட்சிக்கு வளர்த்த வெங்காயம் முந்தின நாள் அழுகினாலும், "நோவு கண்ட கிளி மாதிரி இருக்குடா" என்பார்கள். கேட்டவன் சிரிப்பான். அத்தோடு சரி. சாவு வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு எடுபடாது. அதனால் மார்ச்சில் டோரீனைப் புதைத்த அன்று அவள் புருஷன் வில்ஃபுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கல்லாக நின்றார்.

வில்ஃப் டீஸ்டேல் என் பக்கத்து வீட்டுக்காரர். பந்தயப் புறா வளர்ப்பவர். அதில் ஒரு நீலப் பெட்டை, மஞ்சள் ஏப்ரன் கட்டிய டோரீன் கையாலேயே தின்று வளர்ந்தது. பிரான்சில் திறந்துவிட்டால் வீடு தேடிப் பறந்து வரும் பந்தயத்தில் அது ஜெயிக்க வேண்டும் என்பது அவளுடைய கடைசி ஆசை.

ஜூலையில் அந்தப் பந்தயத்தன்று எல்லாப் புறாவுக்கும் முன்னால் அது வந்தது. வந்தால் மட்டும் போதாது. கூண்டுக்குள் இறங்க வேண்டும். அதன் கால் வளையத்தைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்தில் போட்டால்தான் கணக்கு. அதுவோ ஓட்டு முகட்டில் உட்கார்ந்துகொண்டது.

வில்ஃப் தீவன டப்பாவைக் குலுக்கினார். "வாடி செல்லம், எறங்கி வாடி!"

நான் வேலியோரம் நின்றேன். "டோரீனோட மஞ்சள் ஏப்ரனக் கட்டிக்கிட்டுக் கூப்பிடுங்க வில்ஃப். அதப் பாத்தாத்தான எறங்கும்?"

டப்பா சத்தம் நின்றது.

"போன வாரம் பழசு வாங்கி விக்கிற தர்மக் கடையில குடுத்துட்டேங்க. அவ துணிமணி அத்தனையும். வீட்ல வச்சுப் பாக்க முடியல."

பத்தொன்பது நிமிடம். பசி தாங்காமல் அது இறங்குவதற்குள் தெருக்கோடி கத்பர்ட்டின் புறா முந்திவிட்டது.

சாயங்காலம் கிளப்பில் நானும் இருந்தேன். கத்பர்ட் ஜெயித்த கோப்பையும் கையுமாக வந்தான்.

"என்ன வில்ஃப், உன் பொண்ணு ஓட்டு மேல ஒக்காந்து ஊர் வேடிக்கை பாத்தாளாமே?"

"நோவு கண்ட கிளி மாதிரி இருக்குடா."

"பாருங்கடா, புறாக்காரனுக்குக் கிளி நோவு!"

எல்லோரும் சிரித்தார்கள். வில்ஃபும் சிரித்தார். பாதியில் அந்தச் சிரிப்பு உடைந்து, மார்ச்சில் வராத அழுகை வந்தது.

"அவளத் தேடித்தான்டா அது மேலயே இருந்துச்சு. நான் அவளக் கடையில போட்டுட்டு வந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கத்பர்ட் தொப்பியைக் கழற்றினான். கோப்பையை மெல்ல மேசைக்கு அடியில் வைத்தான்.