சர்க்கரை கழன்ற மஞ்சள்

இலைச்சாற்று ஆய்வகத்து வேதியியல்காரியின் வெறுங்கை பட்டால் கிளைக்கோசைடுகளிலிருந்து சர்க்கரை தானாகக் கழன்றுவிடும். இலையில் உள்ள ஃபிளேவனாய்டு என்ற மஞ்சள் பொருள் பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. ஒரு சர்க்கரையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டுதான் தண்ணீரில் கரைகிறது. கிளைக்கோசைடு எனப்படும் அந்த ஜோடியைப் பிரிக்க மற்றவர்கள் அமிலம் ஊற்றி இரண்டு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். இவள் குடுவையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றால் போதும், டீ ஆறுவதற்குள் மஞ்சள் அடியில் படிந்துவிடும். முதல் வருடம் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இரண்டாம் வருடம் அடுப்பை ஓரங்கட்டினார்கள். நீரிழிவு இருந்த மேலாளர் மட்டும் ஏதாவது சாக்கு வைத்து அவளோடு கைகுலுக்கிப் பார்த்தார். ஒரு பிரயோஜனமும் இல்லை.

கழன்ற சர்க்கரை குடுவையில் இல்லையே, எங்கே போனது என்று கேட்டவர் ஆய்வகத்தில் எடை போடுகிறவர்தான். அவளுக்குத் தெரியும். கணவன் இறந்து, மகளும் கடல் கடந்துபோன பிறகு அவள் வீட்டுக்கு வந்தவை எறும்புகள் மட்டுமே. மாலையில் கதவிடுக்கில் வரிசையாகக் காத்திருக்கும்; அவற்றை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து அவள் உட்கார்ந்ததும் மணிக்கட்டில் ஏறும், கடிக்காது. முழங்கால் வலி, மகள் போன் செய்யாதது, எல்லாவற்றையும் அவற்றிடம்தான் சொன்னாள். பதினோரு வருடம் தனிமை அவளை அரித்துத் தின்னவில்லை என்றால் அதற்கு எறும்புகளே காரணம்.

பன்னிரண்டாம் வருடம், ஒரு வேலிச்செடியின் இலையிலிருந்து வீக்கத்தை வற்றவைக்கும் கிளைக்கோசைடு ஒன்றைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தாள். எட்டு வருட உழைப்பு, ஒரு சிட்டிகை. சர்க்கரை ஒட்டியிருந்தால்தான் அது கரையும், வேலை செய்யும். கரைசல் மறுநாள் எலிச் சோதனைக்குப் போக வேண்டும். பேனா வழுக்குகிறதே என்று கையுறையைக் கழற்றிச் சீட்டு எழுதியவள், சந்தோஷத்தில் அதே கையால் புட்டியைத் தூக்கிவிட்டாள். மஞ்சள் சேறாக அடியில் இறங்கியது.

"சர்க்கரை எங்கயும் போகல மேடம்," என்றார் எடை போடுகிறவர். "உங்ககிட்டதானே இருக்கு. திருப்பிக் குடுத்துடுங்க."

"குடுத்தா மொத்தமும் போயிடும் சார். கொஞ்சமா குடுக்க எனக்குத் தெரியாது."

"போனா என்ன?"

எறும்புகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவர் சிரிக்க மாட்டார் என்பதே அவளை அடக்கிவிட்டது.

கரைசலை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி வலது கையை முக்கினாள். கை மரத்துப்போனது. மதியத்துக்குள் சேறு முழுக்கக் கரைந்து நீர் தெளிந்த மஞ்சளானது. மிஞ்சிய சர்க்கரையைத் தனியே பிரித்து எடை போட்டார்கள்: நாற்பத்தொரு கிராம். பதிவேட்டில் 'மூலம்' என்ற இடத்தில் 'வலது கை' என்று எழுதினார்கள். இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே எலிகளின் பாதவீக்கம் வற்றியது, கைதட்டினார்கள்.

ஆனால் கையை முக்கிய அன்று மாலையே, வீடு திரும்பியவள் கதவைத் திறந்து, ஒதுங்கி வழிவிட வாசலில் யாரும் இல்லாததால், நேராக உள்ளே நடந்தாள்.