பூச்சி வாத்தியாரின் நல்ல தண்ணீர்

மனுவேல் வாத்தியாரின் தண்ணீர்த்தெள்ளுகள் சாகவில்லை. செத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கொடைக்கானல் மலையில் கோணப்பாறை மிஷன் பள்ளிக்கு அவர்தான் விஞ்ஞான வாத்தியார். உருளைக்கிழங்குக்கு அடிக்கிற புது மருந்து ஓடையில் துளி கலந்தாலும் போதும், அதில் வாழும் சிற்றுயிர்களை இனம் பெருக விடாமல் நாளடைவில் ஒழித்துவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்றாம் வருஷம் அதை நிரூபித்தே தீருவதென்று இறங்கினார். நிரூபித்துவிட்டால் ஊருக்கு மொத்தமாக அந்த மருந்தை வாங்குவதில்லை என்று விவசாயிகள் சங்கத் தலைவர் சிலுவைராஜ் வாக்குக் கொடுத்தார். வாத்தியாரால் முடியாது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது.

பழனிக் குளம் ஒன்றில் கடுகளவுகூட இல்லாத தெள்ளுப்பூச்சிகளை வலைபோட்டுப் பிடித்து, குளத்துத் தண்ணீரோடு பெரிய பாட்டிலில் அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பக்கத்து சீட்டுக்காரர் பழனித் தீர்த்தம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாத்தியாரும் மறுக்கவில்லை, பக்தியைக் கெடுப்பானேன்.

வீட்டு ஜன்னலோரம் கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் தெள்ளுகள். பாதி பாட்டில்களில் நல்ல தண்ணீர். மீதியில் அதே தண்ணீரோடு துளி மருந்து. நல்ல தண்ணீருக்கு அவர் அதிகம் யோசிக்கவில்லை. ஊருக்கு மேலே மாதாவின் குகைக்கோயிலான கெபிக்குப் பின்னால், பாறை இடுக்கில் ஊறும் தண்ணீரை ஊரே தீர்த்தமாகக் குடிக்கிறது. அதைவிடச் சுத்தம் எங்கே கிடைக்கும்?

"என்னங்க, ஒங்க மருமகளுங்க யாராச்சும் முழுகாம இருக்காளா?" என்று அவர் மனைவி அமலி தினமும் பாட்டில்களைக் காட்டிக் கேலி செய்தாள்.

வாரங்கள் போயின. மருந்துத் தண்ணீரில் தெள்ளுகள் ஜோராக நீந்தின. ஆனால் ஒன்றின் முதுகுப் பையிலும் முட்டை இல்லை. வாத்தியார் துள்ளிக் குதித்தார். அந்தத் துள்ளலோடு நல்ல தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தார். அதிலும் முட்டை இல்லை.

மிச்சத் தெள்ளுகளைப் பழனித் தண்ணீரோடு கொல்லைப்புறப் பானையில் விட்டு மறந்திருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தார். அங்கே குஞ்சும் குளுவானுமாகக் கொழித்துக் கிடந்தன. கோளாறு ஊற்றுத் தண்ணீரில்தான் என்று உறைக்க, ஊற்றுக்கு மேலே ஏறினார். பாறைக்கு அந்தப்புறம் சிலுவைராஜின் புதுக் கிழங்குத் தோட்டம். வரப்போரம் அதே மருந்தின் காலி டப்பாக்கள். 

ஞாயிறு பூசை முடிந்து சங்கம் கூடியது. பூச்சிக்குப் பிரசவம் பார்க்கும் வாத்தியார் என்ன சொல்லப்போகிறார் என்று பெண்களும் வந்திருந்தார்கள்.

பாட்டில்களைப் பார்த்துவிட்டு சிலுவைராஜ் கேட்டார்: "ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு வாத்தியாரே? அப்ப மருந்து மேல என்ன குத்தம்?"

"ஊத்துத் தண்ணியிலயே மருந்து எறங்கிருச்சுண்ணே. மேல ஒங்க தோட்டம்..."

பெண்கள் பக்கத்தில் கித்தேரியம்மாள் கிழவி எழுந்துவிட்டாள். "ஏலே மனுவேலு! மாதா ஊத்தையா வெசங்கிற? நாக்கு அழுகிப் போகும் ஒனக்கு!"

"பழனிப் பானையில பெருகியிருக்கு, வந்து பாருங்க..."

"முருகன் ஊருத் தண்ணி ஒசத்தி, நம்ம மாதா தண்ணி மட்டமோ?"



சிலுவைராஜ் கெட்டவர் அல்ல, அதுதான் சங்கடம். ஊற்றுத் தண்ணீரை ஒரு குடம் கொண்டுவரச் சொன்னார். சிலுவை போட்டுக்கொண்டு, மனசார நம்பி, ரெண்டு டம்ளர் குடித்தார். "செத்தனா?"

"ஒடனே சாக மாட்டீங்கண்ணே..."

"பெறகு எப்ப? தேதி சொல்லும், கல்லறையில எடம் புடிக்கணும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். டம்ளர் பெண்கள் பக்கம் போனது. கல்யாணமாகி ஆறு மாசம் ஆகாத அமலி, புருஷனால் வந்த தலைக்குனிவைக் கழுவுகிறவள் போல அதை வாங்கினாள்.

"அமலி, வேணாம்" என்று எழுந்தார் வாத்தியார்.

தெள்ளுக்கு ஆவது மனுஷிக்கும் ஆகுமா என்று அவருக்குத் தெரியாது. அதற்கு அவரிடம் பாட்டில் இல்லை. அமலி அவரை நேராகப் பார்த்தபடியே மடக் மடக்கென்று குடித்தாள். மீதியை அவரிடம் நீட்டினாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அவரும் குடித்தார். தண்ணீர் சில்லென்று, தித்திப்பாக இருந்தது. மருந்து வாங்குவதென்று எல்லாரும் கை தூக்கினார்கள். அந்தத் தெள்ளுகளைப் போலவே அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.