சராசரிக்கு மேலே ஒரு வயல்

வேளாண்மை அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவருக்குச் ‘சராசரி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அன்று அவர் மேசைமுன் வந்து நின்றவர் அவருடைய அக்கா புருஷன். கையிலிருந்த நெற்கதிரைக் கசக்கி ஊதினார். பாதிக்கு மேல் பதர். மின்விசிறிக் காற்றில் பறந்துபோய் இயக்குநரின் அறைக்கதவில் ஒட்டியது.

“பூக்கிற நேரத்துல அடிச்ச அனல்ல மணியே பிடிக்கலை மச்சான். விதைநெல்லையும் குத்தித் தின்னாச்சு. நீங்க இலவச விதை குடுத்தாத்தான் அடுத்த போகம்.”

“சராசரிக்குக் கீழ விளைஞ்ச ஊருக்குத்தான் விதை, அத்தான்.”

“கீழதானே? பத்து மூட்டை கண்ட ஏக்கர்ல ஊர் முழுக்க நாலுதான்.”

“பத்தெல்லாம் எப்பவோ. கடைசி அஞ்சு வருஷத்தைத்தான் எடுப்போம். அஞ்சும் அனல் வருஷம். சராசரி மூணரை. உங்க ஊரு மேல நிக்குது.”

அத்தான் சற்று யோசித்தார். “அப்ப நாங்க முன்னேறிட்டோம்னு சொல்லு. பழைய வருஷத்தையும் சேர்த்துப் போட்டா என்னப்பா?”

“போட்டுக் காட்டினேன். இயக்குநர் பழங்கதை பேசாதேன்னுட்டார்.”

பேச்சுக்குரல் கேட்டு இயக்குநரே கதவைத் திறந்தார். ‘அனலை வென்ற வட்டாரம்’ என்று பதாகைக்கு ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார். அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நாங்க தலைநிமிர்ந்து நிக்கிறோம்” என்றார். பிறகு, வெளியே புழுங்குகிறது என்று குளிர்சாதன அறைக்குள் திரும்பிவிட்டார். கதவிலிருந்து சட்டையில் ஒட்டிய பதர் அவரோடு உள்ளே போனது.

விதை வரவில்லை. அடுத்த போகத்தில் அத்தானின் வயல் தரிசாகக் கிடந்தது. ஊரில் முக்கால்வாசி வயல் அப்படித்தான். வாய்க்கால் தலைப்பில் இருந்த சிலர் மட்டும் எப்படியோ ஐந்து மூட்டை எடுத்தார்கள். அறுத்த வயலுக்குத்தான் கணக்கு. பதாகையை இன்னும் பெரிதாக எழுதச் சொன்னார் இயக்குநர்.

அன்று மதியம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். அத்தான் வெளியூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிவிட்டாராம்.

“எங்க வயல் உன் கணக்குல எங்கடா இருக்கு?”

“கணக்குலயே இல்லக்கா. அதனாலதான் சராசரி ஏறியிருக்கு.”



“அப்ப நானும் பிள்ளைங்களும்கூட கிளம்பிட்டா இன்னும் ஏறும்ல? உங்க பெரியவர்கிட்ட கேட்டுச் சொல்லு.”